நிலப்படமும் சொற்பட்டியலும்: கணிப்பொறிச் சாகச விளையாட்டைக் கொண்டு ஒரு பாடம்

கணிப்பொறியை வகுப்பில் அறிமுகப்படுத்தும் ஆசிரியர்கள் பெரும்பாலும் அதன் உறுப்புகளின் பெயர்களிலிருந்தே தொடங்குகின்றனர். விசைப்பலகை இது, திரை இது, நினைவகம் இது என்று சொல்லி முடிப்பதற்குள் பாடவேளை கழிந்துவிடுகிறது. இவற்றையெல்லாம் கேட்ட பின்னரும் மாணவனுடைய மனத்தில் ஒரு வினா எஞ்சி நிற்கும். நான் எழுதுவதை இந்த யந்திரம் எவ்வாறு புரிந்துகொள்கிறது என்பதே அவ்வினா. இதற்கு விடை காட்ட மிகவும் ஏற்ற கருவி, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர்த் தோன்றிய ஒரு விளையாட்டாகும். படமோ ஒலியோ இன்றி எழுத்தினால் மட்டுமே நடைபெறுவது அது. அதன் வரலாற்றையும் அமைப்பையும் கூறி, கணிப்பொறி இல்லாமலேயே அதனை வகுப்பில் நடத்தும் முறையையும், கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில் அம்முறையை நடத்திப் பார்த்தபோது எனக்கு நேர்ந்த ஒரு பிழையையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறேன். கள அலுவலர்களுக்கும் இதில் பயனுண்டு. இவ்விளையாட்டு பிறந்ததே ஓர் அளவைப் பணியிலிருந்துதான்.

குகையில் தொடங்கிய கதை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மாமத் என்னும் பெருங்குகை உள்ளது. இதுவரை அளந்தறியப்பட்ட குகைகளுள் நீளத்தில் முதலாவது இதுவே. அதன் வழிகள் 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்டவை. அதனை அடுத்துள்ள பிளின்ட் ரிட்ஜ் குகைத்தொகுதியும் அதுவும் நிலத்தடியில் ஒன்றோடொன்று இணைந்துள்ளன என்பதை 1972-ஆம் ஆண்டில் ஒரு குழுவினர் கண்டுபிடித்தனர். அக்குழுவில் இடம்பெற்றவர்களுள் பட்ரீசியா கிரௌதர் என்னும் அம்மையாரும் ஒருவர். அவருடைய கணவர் வில்லியம் கிரௌதர் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவதில் வல்லவர்; இன்றைய இணையத்துக்கு முன்னோடியாகிய ஆர்ப்பாநெட் வலையமைப்பை உருவாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தவர். குகையினுள் அளவு நாடாவும் திசைகாட்டியும் கொண்டு எடுத்த அளவுகளை இத்தம்பதியர் கணிப்பொறியில் இட்டுப் படமாக வரைவித்தனர். சேறு படிந்த குறிப்பேட்டிலிருந்து எண்களைப் பெயர்த்தெழுதும் அலுப்பு எத்தகையது என்பதைக் கள அலுவலர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

பின்னர் இருவரும் மணவிலக்குப் பெற்றனர். தம் பெண்மக்கள் தம்மைக் காண வரும்போது அவர்களுக்கு விளையாட ஏதேனும் வேண்டும் என்று கருதிய கிரௌதர், 1975-76-ஆம் ஆண்டுகளில், தாம் நன்கறிந்த ஒரு குகைப்பகுதியையே களமாக வைத்து ஒரு விளையாட்டை எழுதினார். அட்வென்ச்சர் என்பது அதன் பெயர். கொலோசல் கேவ் எனவும் வழங்கும். ஃபோர்ட்ரான் மொழியில், பிடிபி-10 என்னும் பெரிய கணிப்பொறிக்கென எழுதப்பட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்த டான் வுட்ஸ் அதனைக் கண்டு, கிரௌதரின் இசைவு பெற்று, 1977-இல் புதையல்களும் விந்தைப் பிராணிகளும் மதிப்பெண் கணக்கும் சேர்த்து விரிவாக்கினார். குள்ளர், பாலம் காக்கும் பூதம், மாயக் கோல், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நொடியில் கொண்டுசெல்லும் மந்திரச்சொல் ஆகிய யாவும் அதில் உண்டு. எனினும் கதை கற்பனை, களம் மெய். டென்னிஸ் ஜெர்ஸ் என்னும் பேராசிரியர் 2005-இல் அக்குகைக்கே சென்று, விளையாட்டில் கூறப்பட்ட இடங்கள் பல உள்ளவாறே இருப்பதைக் கண்டறிந்து, 2007-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

சில ஆண்டுகளில் இவ்வகை விளையாட்டு இல்லங்களுக்குரிய சிறு கணிப்பொறிகளுக்கும் வந்து சேர்ந்தது. 1978-இல் ஸ்காட் ஆடம்ஸ் என்பவர் அட்வென்ச்சர்லேண்ட் என்பதனை டிஆர்எஸ்-80 என்னும் கருவிக்கு எழுதினார். டோல்கீனின் புதினத்தைத் தழுவி ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட ஹாபிட் 1982-இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. நம் நாட்டில் 1984-85-இல் மைய அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தின் வாயிலாகப் பள்ளிகளுக்குக் கணிப்பொறி வழங்கத் தொடங்கியது. முதற்கட்டத்தில் ஏறத்தாழ 250 பள்ளிகள் பயன்பெற்றன. அப்போது தரப்பட்ட பிபிசி மைக்ரோ என்னும் கருவியில்தான் இங்கிலாந்தின் பள்ளிச் சிறுவர்கள் இத்தகைய சாகச விளையாட்டுகளை ஆடிக்கொண்டிருந்தனர்.

யந்திரம் அறிந்ததும் அறியாததும்

விளையாட்டின் போக்கு எளியது. நிற்கும் இடம் எத்தகையது என்பதை யந்திரம் சில வரிகளில் விவரிக்கும். ஆடுபவர், செய்ய விரும்புவதை ஒரு சிறு கட்டளையாக எழுதுவார். வடக்கே போ, விளக்கை எடு, கதவைத் திற என்பன போன்றவை கட்டளைகள். யந்திரம் அதனை நிறைவேற்றி, விளைவைக் கூறும். புரியவில்லையெனில், புரியவில்லை என்று கூறும்.

இங்கு மாணவர்கள் வியப்படைவது இயல்பு. யந்திரத்துக்கு விளக்கு என்றால் என்னவென்று தெரிந்திருப்பதாகவே அவர்கள் கருதுவர். உண்மையில் அதனிடம் இருப்பவை சில அட்டவணைகளே. முதலாவது, இடங்களின் அட்டவணை. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்ணும், அங்கிருந்து எத்திசையில் சென்றால் எந்த எண்ணுள்ள இடத்தை அடையலாம் என்னும் குறிப்பும் அதில் இருக்கும். இரண்டாவது, பொருள்களின் அட்டவணை. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அது தற்போது இருக்கும் இடத்தின் எண் எழுதப்பட்டிருக்கும். மூன்றாவது, சொற்பட்டியல். 'விளக்கை எடு' என்று ஆணையிட்டால் யந்திரம் செய்வதெல்லாம், விளக்குக்கு எதிரேயுள்ள எண்ணை அழித்துவிட்டு, ஆடுபவர் கையில் உள்ளது என்பதைக் குறிக்கும் வேறோர் எண்ணை எழுதுவதே. ஒளியும் இல்லை, எண்ணெயும் இல்லை. இருட்டறையில் நுழையும்போது அந்த எண்ணைப் பார்த்து, கையில் விளக்கு உண்டெனில் அறையை விவரிக்கும். இல்லையெனில் இருள் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். குகையைப் பார்ப்பவர் ஆடுபவரே. யந்திரம் அதனை ஒருபோதும் பார்த்ததில்லை.

சொற்களை ஒப்புநோக்கும் முறையும் அறியத்தக்கது. அட்வென்ச்சர் விளையாட்டு, எழுதப்படும் சொல்லின் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே கவனித்தது. பிடிபி-10 கணிப்பொறியில் ஓர் அலகுக்கு 36 இருமக் கூறுகள். ஓர் ஆங்கில எழுத்துக்கு 7 வீதம் ஐந்து எழுத்துகளே ஓர் அலகில் அடங்கும். அட்வென்ச்சர்லேண்ட் இன்னும் சிக்கனமாக மூன்று எழுத்துகளோடு நின்றது. அது இயங்கிய கருவியின் நினைவகம் 16 கிலோபைட்டே. இக்கட்டுரையை இன்றைய யூனிகோடு முறையில் பதிந்தால், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு வீதம், அந்நினைவகத்தில் பாதிகூட அடங்காது. அவ்வளவு குறுகிய இடத்தில் ஒரு காட்டையும் குகையையும் அடைத்தனர் என்பதைக் கேட்டு மாணவர்கள் சிரிப்பர், சிரிக்கட்டும்.

அளவைப் பணியில் உள்ளோர் கருதத்தக்க ஒன்று உண்டு. ஓரிடத்திலிருந்து கிழக்கே சென்று மற்றோரிடத்தை அடைந்தால், அங்கிருந்து மேற்கே திரும்பிப் பழைய இடத்துக்கே வர வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அளவையில் முன்திசையையும் பின்திசையையும் ஒப்பிட்டுப் பிழை காண்பதும் இதனாலேயே. ஆனால் குகை வழிகள் வளைந்து செல்பவை. கிழக்கே நுழைந்தவன் வடக்கிலிருந்து வெளிப்படலாம். அட்வென்ச்சரிலும் பல வழிகள் அவ்வாறே அமைந்துள்ளமையால், படம் வரையாமல் ஆடுபவர் வழி தவறுவது உறுதி. ஒன்றுபோலவே தோன்றும் அறைகள் நிறைந்த சுழல்வழியும் அதில் உண்டு. அங்கே விவரணை எல்லா அறைகளுக்கும் ஒன்றே. கையிலுள்ள பொருள்களை அறைக்கு ஒன்றாக வைத்துச் சென்று, எந்த அறையில் எப்பொருள் கிடக்கிறது என்பதைக் கொண்டே அறைகளை வேறுபடுத்தியறிதல் வேண்டும். அடர்ந்த காட்டில் மரத்துக்கு மரம் குறியிட்டுச் செல்பவர் செய்வதும் இதுவே.

தமிழில் எழும் சிக்கல்

இவ்விளையாட்டைத் தமிழில் அமைக்க முற்பட்டபோது, மொழிபெயர்ப்பது என் தொழிலாதலால், விவரணைகளைப் பெயர்த்தெழுதினால் பணி முடிந்துவிடும் என்று எண்ணினேன். அவ்வாறு முடியவில்லை.

முதற்கண், விளிக்கும் முறை. யந்திரம் ஆடுபவரை நீ என்பதா, நீர் என்பதா, தாங்கள் என்பதா? ஆடுபவரோ யந்திரத்தை நோக்கி எடு, திற, போ என்று ஏவுகிறார். ஏவப்பட்ட யந்திரம் 'தாங்கள் படகுத்துறையில் நிற்கின்றீர்கள்' என்று விடையளித்தால் எசமானரும் ஏவலாளும் பேசிக்கொள்வது போல் இருக்கிறது. 'நீ நிற்கிறாய்' என்றால் சண்டை போல் இருக்கிறது. எழுவாயை விட்டுவிடும் வசதி தமிழுக்கு உண்டென்பது பின்னரே நினைவுக்கு வந்தது. 'இது படகுத்துறை. மேற்கே அரண்மனை தெரிகிறது' என்று எழுதிவிட்டால் மரியாதைச் சிக்கல் எழுவதேயில்லை.

இரண்டாவது, வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் விளக்கைக் குறிக்கும் சொல் எவ்விடத்தும் மாறாது. தமிழில் விளக்கு, விளக்கை, விளக்கால், விளக்கில் என ஈறு மாறிக்கொண்டேயிருக்கும். முதல் மூன்று எழுத்துகளை மட்டும் பார்த்தால் போதாதா என்று தோன்றலாம். விளக்கு என்பதற்குப் போதும். ஆனால் ஆறு என்பது ஆற்றை என்றாகும்போது முதலெழுத்து ஒன்றுதான் மாறாமல் நிற்கிறது. வீடு வீட்டை ஆகிறது. மரம் மரத்தை ஆகிறது. அன்றியும் ஈற்றை வெட்டியெறிந்தால் பொருளே கெடும். 'பாம்பைக் கோலால் அடி' என்பதும் 'கோலைப் பாம்பால் அடி' என்பதும் யந்திரத்துக்கு ஒன்றாகிவிடும்.

எனினும் இவ்வுருபே பெரிய உதவியும் ஆகிறது. ஆங்கிலத்தில் எது அடிபடும் பொருள், எது கருவி என்பதைச் சொற்கள் நிற்கும் வரிசை கொண்டு அறிய வேண்டும். தமிழில் 'கோலால் பாம்பை அடி' என்று மாற்றி எழுதினாலும் ஐகாரம் பாம்பின்மேல் இருக்கிறது, ஆல் கோலின்மேல் இருக்கிறது. ஆதலின் யந்திரத்துக்குத் தரவேண்டிய விதி இதுவாகும்: கட்டளையின் கடைசிச் சொல்லை வினையாகக் கொள்க, எஞ்சிய சொற்களின் ஈற்றை நோக்குக, ஐ உருபு பெற்றது செயப்படுபொருள், ஆல் பெற்றது கருவி, கு பெற்றது சேருமிடம். வல்லெழுத்து மிகுந்திருந்தால் அதனை முதலில் நீக்குக. வேற்றுமையை மனப்பாடமாக ஒப்பித்துச் சலித்த மாணவர்கள், உருபின்றி யந்திரம் தடுமாறுவதைக் கண்ட பிறகு அதனை வேறு கண்ணோடு பார்க்கின்றனர்.

மட்டாஞ்சேரியில் நடத்திய பாடம்

இம்முறையை ஒரு பள்ளியில் நடத்திப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மட்டாஞ்சேரி சிறிய இடம். எனினும் தமிழ், மலையாளம், கொங்கணி, குஜராத்தி எனப் பல மொழிகள் ஒரே தெருவில் ஒலிக்கும். தலைமுறைகளாக அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. களத்துக்குக் குறைவில்லை. போர்த்துக்கேசியர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்து, பின்னர் டச்சுக்காரர் 1663-இல் பழுதுபார்த்த அரண்மனை; அதன் சுவர்களில் இராமாயண ஓவியங்கள்; 1568-இல் எழுந்த யூத ஆலயம்; அதனையடுத்து, வெவ்வேறு மொழி எழுத்துகளில் மணி காட்டும் முகங்களையுடைய மணிக்கூண்டு; காயலை ஒட்டிய பஜார் சாலையில் மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குகள். ஆலயத் தரையில் பதித்த சீன ஓடுகளில் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை என்பர். ஒன்றுபோல் தோன்றும் அறைகளாலான சுழல்வழியைப் பற்றி நான் கூறியவுடன், எதுவுமே ஒன்றுபோல் இல்லாத சுழல்வழியாக அத்தரையை அமைக்கலாம் என்று ஒரு சிறுமி கூறினாள். வுட்ஸின் விளையாட்டில் அவ்வாறான சுழல்வழியும் ஒன்று உண்டு என்பதை அவள் அறியமாட்டாள்.

முதல் பாடவேளையில் மாணவர்கள் திசைகாட்டியுடன் நடந்து ஆறு இடங்களைப் படமாக்கினர். சாலை எத்தனை அடி என்பது வேண்டுவதில்லை. எவ்விடத்திலிருந்து எவ்விடத்துக்கு வழியுண்டு என்பதே வேண்டும். காயல் கிழக்கே என்பதைக் கூடச் சிலர் திசைகாட்டியைப் பார்த்த பின்னரே ஒப்புக்கொண்டனர்.

இரண்டாவது வேளையில் கதை. அதனை மாணவர்களே புனைந்தனர். அரண்மனைச் சுவரோவியத்திலிருந்து பொன்மான் ஒன்று இறங்கி ஓடி, மிளகுக் கிடங்கில் ஒளிந்துகொண்டது. அதனைப் பிடித்து மீண்டும் ஓவியத்தில் சேர்க்க வேண்டும். கிடங்கு இருட்டு, ஆகவே விளக்கு வேண்டும். மூக்கில் துணி கட்டாமல் நுழைந்தால் மிளகுத் தூசியால் தும்மல் வரும். தும்மினால் மான் ஓடிவிடும். ஒரு நிபந்தனையை நிரலில் எவ்வாறு எழுதுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் பாடநூல்களில் கண்டதில்லை.

மூன்றாவது வேளையில் ஆட்டம். ஒரு மாணவி யந்திரமாக மேசைக்குப் பின்னே அமர்ந்தாள். அவள் முன்னே மூன்று அட்டவணைகள். மற்றவர்கள் கட்டளைகளைத் துண்டுத் தாளில் எழுதித் தர வேண்டும். அவள் அட்டவணையில் உள்ளதை மட்டுமே கொண்டு விடையெழுத வேண்டும். யந்திரமாக இருப்பவர் தம் சொந்த அறிவைப் பயன்படுத்தலாகாது என்பதே இதில் மிகவும் கடினமான விதி. அறிவுள்ள குழந்தைக்கு அது இரட்டிப்புக் கடினம். தோழி பிழையாக எழுதியதைப் புன்னகையுடன் ஏற்றுக்கொண்ட அம்மாணவியை நான் இருமுறை கண்டித்தேன். பட்டியலில் இல்லாத சொல்லுக்கு 'இச்சொல் தெரியாது' என்பதே விடையாக இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தினேன்.

அவ்விதியைத் தமிழ்க் குடும்பத்துச் சிறுவன் ஒருவன்மீது அவள் தவறாமல் பிரயோகித்தாள். அவன் 'பாண்டிகசாலைக்குப் போ' என்று எழுதினான். இச்சொல் தெரியாது என்று விடை வந்தது. எழுத்தில் பிழையோ என்று கருதி மீண்டும் எழுதினான். மீண்டும் அதே விடை. மூன்றாம் முறை 'பாண்டியசாலை' என்று மாற்றிப் பார்த்தான். பின்னர்த் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான்.

பாடம் முடிந்ததும் அவனை அழைத்து, "தம்பி, ஏன் நிறுத்திவிட்டாய்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தமிழ் சரியா வராது, சார்" என்றான்.

அவன் தந்தையார் அத்தகைய கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்குபவர் என்பதைப் பின்னர் அறிந்தேன். அவ்விடத்தைப் பற்றி வகுப்பில் எவரையும்விட அவனே நன்கு அறிந்தவன். மட்டாஞ்சேரியில் அக்கட்டடங்களுக்கு வழங்கும் பெயர் பாண்டிகசாலை என்பதே. நம் பண்டகசாலை என்னும் சொல்லின் உறவு அது. பிழையான சொல் அன்று. கிடங்கு என்னும் ஒரே சொல்லைப் பட்டியலில் எழுதி, அதுவே போதும் என்று நினைத்தவன் நான். அகராதியை நோக்கினேனே அன்றி, ஊரில் எவரையும் கேட்கவில்லை. யந்திரம் சொன்ன விடை விதிப்படி சரியானதே. ஆனால் 'தெரியாது' என்றது பட்டியலின் குறையைப் பற்றியது என்பதைச் சிறுவன் எவ்வாறு அறிவான்? தன் குறை என்றே அவன் கொண்டான். ஆங்கிலச் சொற்பட்டியலின் முன்னே தம் அறிவையே ஐயுற்ற பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பர் என்று அன்று மாலை படகில் திரும்பும்போது எண்ணிப் பார்த்தேன். இருபது ஆண்டுகளாக மொழிபெயர்க்கும் நானும் அதையே தமிழில் செய்துவிட்டேன்.

திருத்திய முறை

மறுவாரம் பாடத்தை மீண்டும் நடத்தியபோது இரு மாற்றங்கள் செய்தேன்.

ஒன்று, யந்திரத்தின் விடை. 'இச்சொல் தெரியாது' என்பதற்குப் பதிலாக, 'பாண்டிகசாலை என்னும் சொல் என் பட்டியலில் இல்லை' என்று, எழுதப்பட்ட சொல்லையே எடுத்துக்கூறி விடையளிக்குமாறு அமைத்தேன். எச்சொல்லால் தடை நேர்ந்தது என்பது இதனால் தெளிவாகிறது. குறை எங்குள்ளது என்பதும் விளங்குகிறது.

மற்றொன்று, பட்டியலின் அமைப்பு. ஒவ்வோர் இடத்துக்கும் பொருளுக்கும் எதிரே வெற்றுக் கட்டங்கள் ஐந்து விடப்பட்டன. ஆட்டத்தின்போது தடைப்பட்ட ஒவ்வொரு சொல்லையும் ஒரு மாணவன் தனித்தாளில் குறித்துக்கொள்வான். ஆட்டம் முடிந்தபின் வகுப்பு கூடி, அச்சொல் எப்பொருளைக் குறிக்கிறது என்று ஆராய்ந்து, உரிய கட்டத்தில் சேர்க்கும். மேற்கூறிய சிறுவனையே அப்பதிவாளனாக நியமித்தேன். முதலில் தயங்கினான், பிறகு தாள் போதவில்லை என்று கேட்டு வாங்கினான்.

ஆசிரியர்கள் இதனை நடத்தும்போது சில நடைமுறைகளைக் கவனித்தல் நலம். இடங்கள் ஆறு முதல் எட்டு வரை போதும். பன்னிரண்டுக்கு மேற்பட்டால் யந்திரமாக அமர்பவர் களைத்துவிடுவார். பொருள்கள் ஐந்துக்கு மிகலாகாது. யந்திரப் பொறுப்பை ஒவ்வொரு கால்மணி நேரத்துக்கும் மாற்றுக. சொற்பட்டியலை ஆசிரியர் எழுதிக்கொண்டு வருவதைவிட, நிலப்படம் வரையும் நாளிலேயே, அந்தந்த இடத்தில் நின்றுகொண்டு, அங்குள்ளோர் அதனை என்னவென்று அழைக்கின்றனர் என்று கேட்டு எழுதுவது சிறந்தது. கள அலுவலர்கள் மீன், பயிர், மண் ஆகியவற்றின் பெயர்களைப் பதியும்போதும் இவ்வாறே செய்யலாம்; படிவத்தில் ஒரே பெயருக்கு ஒரே கட்டம் இருப்பதால் எத்தனை உள்ளூர்ப் பெயர்கள் உதிர்ந்துபோகின்றன என்பதை அவர்கள் என்னைவிட நன்கறிவர். பள்ளியில் கணிப்பொறி இருப்பின், நான்காவது வேளையில் இதே அட்டவணைகளை மாணவர்களே நிரலாக எழுதிப் பார்க்கலாம். இல்லையெனினும் பாடத்துக்குக் குறைவு இல்லை.

இரண்டாம் ஆட்டத்தின் முடிவில் மிளகுக் கிடங்குக்கு எதிரே நிரம்பிய கட்டங்கள் இவை: கிடங்கு, பண்டகசாலை, பாண்டிகசாலை, குடோன், மிளகுக்கடை. கடைசிச் சொல்லைச் சேர்க்கலாமா என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பஜார் சாலையில் மிளகு விற்கும் கடைகள் வேறு உள்ளன என்பது ஒரு சாராரின் வாதம். கைதூக்கி எண்ணியதில் சேர்க்கலாம் என்றவர்கள் ஒருவர் கூடுதலாக இருந்தனர். பதிவாளனாக இருந்த சிறுவன் அவ்வொருவரின் பெயரையும் தாளின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொண்டான்.